காலையில் சாப்பிட்டதை மறக்கும் அப்பாவுக்குத் தறி மட்டும் எப்படி மறக்கவில்லை?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். இளம்பிள்ளையில் இருக்கிறீர்கள். அப்பாவுக்கு 71 வயது. சிறுவனாகத் தறிக்குழியில் இறங்கியவர், கூலி கட்டுப்படியாகாமல் 14 ஆண்டுகளுக்கு முன் தறியை விட்டுவிட்டார். இரண்டு ஆண்டுகளாக மறதி. காலையில் என்ன சாப்பிட்டார் என்பது பத்து மணிக்கு நினைவில் இல்லை; உங்களைச் சில சமயம் அவருடைய தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். போன மாதம் பொன்னம்மாபேட்டையில் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது, அங்கிருந்த குழித்தறியில் தானாகவே போய் உட்கார்ந்து ஒரு சாண் துணியைப் பிசகில்லாமல் நெய்திருக்கிறார். உங்கள் அண்ணன் வியந்துபோய், "முதலில் எந்தக் காலால் மிதிக்க வேண்டும் அப்பா?" என்று கேட்டதும் தடுமாறி, இழை அறுந்து, எழுந்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சந்தேகம் சுற்றிக்கொண்டிருக்கிறது: இவ்வளவு நினைவிருப்பவர் மற்றதையெல்லாம் மறந்ததாகக் காட்டிக்கொள்கிறாரா? நீங்கள் கேட்டவை மூன்று. இந்த நினைவு மூளையில் எங்கே இருக்கிறது? இதைப் பிடித்துக்கொண்டு மற்ற நினைவுகளை மீட்க முடியுமா? அவரிடமே நான் தறி கற்றுக்கொள்ளலாமா?

முதல் கேள்விக்கு முன்னால், நீங்கள் நேராகக் கேட்கத் தயங்கிய கேள்விக்குப் பதில் சொல்கிறேன். அவர் நடிக்கவில்லை. தயவுசெய்து இதை உங்கள் அண்ணனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். சாப்பிட்டதை மறப்பதும் தறியை மறக்காமல் இருப்பதும் ஒரே மனிதரிடம் ஒரே நாளில் இருக்க முடியும். அது மூளையின் அமைப்பிலேயே இருக்கிறது. இந்தப் பதிலில் வேறு எதை நீங்கள் சந்தேகித்தாலும் இதைச் சந்தேகிக்க வேண்டாம்.

நான் சேலத்தில் 23 ஆண்டுகளாக இயன்முறை சிகிச்சை செய்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன் நோயாளிகள். இழந்த அசைவைத் திரும்பக் கற்றுக்கொடுப்பதுதான் என் தொழில் என்பதால், கை எப்படிக் கற்கிறது என்பதைப் படித்தும் பார்த்தும் வந்திருக்கிறேன். நான் நரம்பியல் மருத்துவர் அல்ல. உங்கள் அப்பாவைப் பார்த்ததும் இல்லை. அவருக்கு வந்திருப்பது எந்த வகை மறதி என்று இங்கிருந்து சொல்வது தவறு. அதைப் பற்றிப் பின்னால் ஒரு வார்த்தை சொல்கிறேன்.

நினைவு என்பது ஒரே ஒரு பெட்டி அல்ல என்று உலகத்துக்குக் காட்டியவர், ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கர். கடுமையான வலிப்பு நோய். 1953இல், அவருக்கு 27 வயதானபோது, வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் மூளையின் இரு பக்கங்களிலும் கன்னப்பொட்டுக்கு உட்புறமாக உள்ள பகுதியை வெட்டி எடுத்தார். ஹிப்போகாம்பஸ் எனப்படும் உறுப்பின் ஒரு பெரிய பங்கு அதில் போய்விட்டது. வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து 2008இல் இறக்கும் வரை, புதிதாக நடந்த எதையும் அவரால் சில நிமிடங்களுக்கு மேல் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. மாண்ட்ரியலில் இருந்து வந்து அவரைச் சோதித்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், ஒரு சின்ன வேலையைக் கொடுத்தார். இரண்டு கோடுகளால் வரைந்த நட்சத்திரம் ஒன்று. அந்த இரு கோடுகளுக்கும் நடுவில் பென்சிலை ஓட்ட வேண்டும். ஆனால் கையையும் தாளையும் நேராகப் பார்க்கக் கூடாது, கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். வீட்டில் செய்து பாருங்கள். கை எதிர்ப்பக்கம் இழுக்கும், மூலைக்கு வந்ததும் பென்சில் நடுங்கிக்கொண்டு அங்கேயே நிற்கும். மொலேசன் மூன்று நாள், நாளுக்குப் பத்து முறை செய்தார். மூன்றாம் நாள் கோடு தாண்டாமல் வரைந்தார். அதாவது முந்தைய நாள் கற்றதை அவருடைய கை மறுநாள் கொண்டுவந்தது. ஆனால் இந்த வேலையைத் தான் முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. 1962இல் வெளியான இந்தச் செய்திக்குப் பிறகு, நடந்ததை நினைவுகூர்வதும் செய்யக் கற்றதை வைத்திருப்பதும் வேறு வேறு இடங்களைச் சார்ந்தவை என்பதில் பெரிய மறுப்பு எழவில்லை. நான் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றில் இது முதலாவது.

மறதி நோய்களில் ஒன்றான அல்சைமர் தொடக்கத்தில் தாக்குவதும் பெரும்பாலும் அந்த ஹிப்போகாம்பஸையும் அதன் அக்கம்பக்கத்தையும்தான். அசைவுப் பழக்கங்களைத் தாங்கும் பகுதிகள் நெடுநாள் வரை அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. காலையில் சாப்பிட்ட இட்லி முதல் பகுதியின் பொறுப்பு. தறி அதன் பொறுப்பில் இல்லை.

அப்படியானால் தறி எங்கே இருக்கிறது? "கைக்கு நினைவிருக்கிறது" என்று நாம் சொல்வது வழக்கு. கையின் தசைகளில் அப்படிப்பட்ட நினைவு எதுவும் இல்லை. எல்லாம் தலைக்குள்ளும் தண்டுவடத்திலும் இருக்கும் நரம்புகளின் வேலை. ஆனால் தலைக்குள் ஓர் இடம் என்று விரலை வைத்துக் காட்டவும் முடியாது. குறைந்தது மூன்று பகுதிகள் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. உங்கள் அப்பா நெய்வதையே எடுத்துக்கொள்வோம். ஒரு கால் மிதியை அழுத்துகிறது. நூல்களைத் தூக்கும் விழுதுகள் ஏறி இறங்கி, நீளவாக்கில் கட்டிய நூல்களான பாவு இரண்டாகப் பிரிந்து வாய் திறக்கிறது. வலது கை மேலே தொங்கும் கயிற்றைச் சுண்டுகிறது. நாடா என்ற ஓடுகட்டை, குறுக்கு நூலான ஊடையை இழுத்துக்கொண்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓடுகிறது. நாடா பெட்டிக்குள் போய் விழும் சத்தம் கேட்கும்போதே இடது கை சீப்புபோன்ற அச்சை இழுத்து ஊடையை இறுக்குகிறது. அதற்குள் மறு கால் இறங்க ஆயத்தமாகிவிட்டது. பழகிய கைக்கு இது ஒரு மூச்சு நேரம்கூட ஆகாது.

இதில் "எவ்வளவு" என்ற கணக்கு சிறுமூளையைப் பெரிதும் சார்ந்தது. எவ்வளவு விசையில் சுண்டினால் நாடா மறு கரை வரை போகும், ஆனால் பெட்டியில் முட்டித் திரும்பாது? எவ்வளவு இழுத்தால் ஊடை நெருங்கும், ஆனால் பட்டிழை அறாது? பின்மண்டையில் இருக்கும் சிறுமூளை எடையில் மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மனித மூளையின் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்களில் சுமார் 6,900 கோடி அங்கேதான் இருக்கின்றன. அதிலுள்ள பர்கின்ஜி என்ற பெரிய நரம்பணு ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிய இழைகளிலிருந்து செய்தி வருகிறது: கால் எங்கே, கயிறு எவ்வளவு தொய்வு, முந்தைய சுண்டல் எப்படி. இவை போக, ஒரே ஒரு தனி இழை அதைச் சுற்றிப் படர்ந்து ஏறுகிறது. அந்த ஒற்றை இழையின் வேலை, "எதிர்பார்த்தது நடக்கவில்லை" என்று சொல்வது. அது குரல் கொடுக்கும் நேரத்தில் எந்த மெல்லிய இழைகள் பேசிக்கொண்டிருந்தனவோ அவற்றின் செல்வாக்கு சற்றுக் குறைக்கப்படுகிறது. பிழை செய்த தடத்தை மட்டும் தேடித் தளர்த்தும் ஏற்பாடு. 1969இல் டேவிட் மார், 1971இல் ஜேம்ஸ் ஆல்பஸ் என்ற இருவர் இதைக் கணக்காக முன்வைத்தார்கள். இழைகளின் செல்வாக்கு அப்படிக் குறைவதை 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் மசாவோ இட்டோ சோதனையில் காட்டினார். சிறுமூளை பிழையிலிருந்து கற்கிறது என்பது உறுதி. இந்த ஒரு வழியில் மட்டுமே கற்கிறதா என்பதில் இன்னும் வாதம் இருக்கிறது.

"அடுத்து என்ன" என்ற வரிசை வேறு இடத்தில். மூளையின் நடு ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா என்ற நரம்புக் கொத்துகள், தனித்தனி அசைவுகளைக் கோத்து ஒரே சரமாக்க உதவுகின்றன. கற்கும்போது மிதி, சுண்டு, இழு என மூன்று முடிவுகள். பழகிய பிறகு ஒரே முடிவு, மற்றவை தாமாக வருகின்றன. எது நன்றாக நடந்தது என்பதை இந்தக் கொத்துகளுக்கு அறிவிப்பது டோபமைன் என்ற வேதிப்பொருள். பார்க்கின்சன் நோயில் குறைவது அதுதான். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் ஆயுள் முழுவதும் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். பேரன் எந்த வகுப்பு, எந்த ஆண்டு வெள்ளி என்ன விலைக்கு விற்றது, எல்லாம் துல்லியமாகச் சொல்வார். ஆனால் கதவு நிலையைத் தாண்ட வேண்டுமென்றால் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். தரையில் குறுக்காக வெள்ளை டேப்பைப் பட்டைபட்டையாக ஒட்டினேன். ஒவ்வொரு பட்டையாகத் தாண்டி நடந்து போய்விட்டார். உள்ளிருந்து தானாகக் கிளம்பும் தொடக்கம் பழுதாகிவிட்டது. கண் கொடுத்த தொடக்கம் வேறு வழியாக வந்தது. உங்கள் அப்பா இவருக்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறார். இவரிடம் செய்தி இருந்தது, பழக்கம் போயிருந்தது. அவரிடம் பழக்கம் இருக்கிறது, செய்திதான் போய்விட்டது. இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்க முடிந்தால், இரண்டு நினைவுகள் இருக்கின்றன என்பதற்கு உங்கள் அண்ணனுக்கு வேறு சான்று தேவைப்படாது.

மூன்றாவது, மூளையின் மேற்பரப்பில் உச்சியிலிருந்து இரு காதுகளை நோக்கி இறங்கும் அசைவுப் புறணி. எலிகளுக்கு முன்னங்காலால் தீனியை எடுக்கப் பழக்கியபோது, முதல் பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் அங்குள்ள நரம்பணுக்களில் புதிய முட்கள் போன்ற இணைப்பு முனைகள் அரும்பியதை 2009இல் ஓர் ஆய்வுக் குழு நுண்ணோக்கியில் பார்த்தது. அவற்றில் ஒரு பங்கு நிலைத்து நின்றது. கற்பது என்பது உண்மையாகவே மூளையில் புதிதாக ஒன்று முளைப்பது. ஆனால் முளைத்த இடத்திலேயேதான் அது கடைசிவரை இருக்கிறதா? 2015இல் வெளியான வேறொரு ஆய்வு என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. குறிப்பிட்ட இடைவெளி விட்டு இருமுறை நெம்புகோலை அழுத்த எலிகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நன்றாகக் கற்ற பிறகு அசைவுப் புறணியை நீக்கினார்கள். எலிகள் அதே அசைவைத் தொடர்ந்து செய்தன. ஆனால் கற்பதற்கு முன்பே புறணி நீக்கப்பட்ட எலிகளால் அதைக் கற்கவே முடியவில்லை. சில திறன்களுக்கேனும், புறணி வாத்தியார்போல ஆழத்திலுள்ள பகுதிகளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது என்று இதற்குப் பொருள் சொல்கிறார்கள். மனிதனின் விரல் நுணுக்கத்துக்கு இது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன்; புறணியில் பக்கவாதம் வந்தவருக்குச் சட்டைப் பொத்தான் போடுவது எவ்வளவு பெரிய போராட்டம் என்பதை வாரம் முழுவதும் பார்க்கிறேன். எங்கே எழுதப்படுகிறது என்பது ஓரளவு தெரியும். எங்கே வைக்கப்படுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

அண்ணன் கேள்வி கேட்டதும் அப்பா தடுமாறியதற்கு வருவோம். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். தினமும் பஸ் ஓட்டி ஏறி இறங்கும் ஓட்டுநரிடம், பதினொன்றாம் வளைவில் ஸ்டியரிங்கை எந்த இடத்தில் திருப்பத் தொடங்குவீர்கள் என்று கேளுங்கள். யோசிப்பார், கையைக் காற்றில் திருப்பிப் பார்ப்பார், சொல்வது சரியாகவும் இருக்காது. அவர் கண்ணுக்கு வளைவு தெரியும்போது கைக்கு விடை தெரியும், அவ்வளவுதான். கற்கும் காலத்தில் சொல்லால் வழிநடத்திய அசைவு, பழகியபின் சொல்லை உதறிவிடுகிறது. அதைத் திரும்பச் சொல்லால் பிடிக்கப் போனால் சரம் அறுந்து மணிமணியாகக் கொட்டிவிடுகிறது. விளையாட்டு வீரர்களையும் இசைக்கலைஞர்களையும் வைத்து இதைப் பலமுறை சோதித்திருக்கிறார்கள்: தேர்ந்தவரைத் தன் அசைவையே கவனிக்கச் சொன்னால் திறன் குறைகிறது. நல்ல நினைவுள்ள நெசவாளரும் அந்தக் கேள்விக்கு ஒரு கணம் தடுமாறியிருப்பார். அவர் சிரித்துக்கொண்டு மறுபடி தொடங்கியிருப்பார். உங்கள் அப்பாவுக்கு, என்ன கேட்டார்கள், எங்கே விட்டோம் என்பதைத் திரும்பப் பிடிக்கும் நினைவு இல்லாததால் எழுந்துவிட்டார்.

14 ஆண்டு இடைவெளி இந்த நினைவை எப்படி அழிக்காமல் விட்டது என்ற கேள்வியும் எழும். 1962இல் ஃப்ளைஷ்மன், பார்க்கர் என்ற இருவர், விமானம் ஓட்டுவதுபோன்ற ஒரு தொடர் அசைவுத் திறனைக் கற்றுக்கொடுத்துவிட்டு, 24 மாதம் வரை இடைவெளி விட்டுச் சோதித்தார்கள். ஏறக்குறைய எதுவும் இழக்கப்படவில்லை. அதே சமயம், நின்றுபோன இதயத்துக்கு மார்பை அழுத்தி முதலுதவி செய்யும் முறையைக் கற்றவர்கள் சில மாதங்களிலேயே படிகளை மறக்கிறார்கள். வேறுபாடு இங்கேதான்: ஓர் அசைவு அடுத்த அசைவை இழுத்துவரும் தொடர் திறன்கள் நீண்டகாலம் நிற்கும், "இது முடிந்தால் அது" என்று படிப்படியாக நினைவுகூர வேண்டியவை உதிர்ந்துவிடும். அதனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். அவர் நெய்வார், ஆனால் புதுப் பாவைப் பழைய பாவோடு ஒன்றொன்றாகப் பிணைப்பது, பூவேலைக்கான ஜக்கார்டு அட்டைகளை வரிசையாகக் கோப்பது போன்றவற்றில் திணறினால் அதிர்ச்சி அடையாதீர்கள். அது இன்னொரு நினைவின் வேலை. 14 ஆண்டு இடைவெளியை யாரும் ஆய்வுக்கூடத்தில் வைத்து அளந்ததாக நான் படித்ததில்லை. முப்பது நாற்பது ஆண்டு நாள்தோறும் செய்த தொழிலின் ஆழத்துக்கு எந்தச் சோதனையும் ஈடாகாது. இங்கே நான் நம்புவது என் கண் பார்த்தவற்றைத்தான்.

இன்னொன்றும் இதில் சேர்ந்திருக்கிறது. வீட்டில் வெறுங்கையால் நெய்து காட்டச் சொல்லிப் பார்த்தோம், செய்யவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சீப்பைக் கையில் கொடுத்தால் தலை வாரிக்கொள்பவர், சீப்பு இல்லாமல் வாருவதுபோல் காட்டச் சொன்னால் திகைத்து நிற்பதை என் தொழிலில் அடிக்கடி பார்க்கலாம். குழியின் ஆழம், காலுக்கடியில் மிதியின் வழுவழுப்பு, கயிற்றின் கனம், எதிரே விறைத்து நிற்கும் பாவு, இவை எல்லாம் அந்த நினைவின் பாதி. அவை இல்லாத கூடத்தில் அவரிடம் இருப்பது மீதிப் பாதி மட்டுமே.

இனி இரண்டாவது கேள்வி. தறியைப் பிடித்துக்கொண்டு மற்ற நினைவுகளை மீட்க முடியுமா? முடியாது. இதை மென்மையாகச் சொல்லி உங்களை அலையவிடுவதைவிட நேராகச் சொல்வதே நல்லது. தறியில் உட்கார வைத்தால் காலையில் சாப்பிட்டது நினைவுக்கு வராது. உங்கள் பெயரும் அதனால் திரும்பாது. "மூளைக்குப் பயிற்சி" என்று பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஆனால் தறி தரக்கூடியது வேறு ஒன்று உண்டு. தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் நாள் முழுவதும் தவிக்கும் ஒருவருக்கு, அடுத்த கணம் என்ன என்பது தெளிவாகத் தெரிந்த அரை மணி நேரம். பழகிய வேலையைக் கையில் கொடுத்தபின் மாலை நேரப் பதற்றம் தணிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இது என் அனுபவம். பெரிய ஆய்வின் முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அல்சைமர் நோயாளிகளும் புதிய சிறு அசைவுகளைக் கற்கிறார்கள், ஆனால் அவர்களுக்குப் பயிற்சி மாறாமல் ஒரேபோல் இருக்க வேண்டும் என்பது ஆய்வுகளில் தெரியவந்த ஒன்று. ஆகவே அதே இடம், அதே நேரம், அதே நாடா, கயிறு அதே உயரம். பொருள்களை இடம் மாற்றாதீர்கள். பிழை செய்யவிட்டுத் திருத்தாதீர்கள். பிழை வருவதற்கு முன்பே மெல்ல உதவுங்கள், ஏனென்றால் நேற்று செய்த பிழையை நினைத்துத் தவிர்க்கும் வசதி அவருக்கு இல்லை.

கை சரியாகச் செய்வதைப் பார்த்து மற்றவையும் சரி என்று நினைத்துவிடும் ஆபத்தும் உண்டு. டிவிஎஸ் 50ஐ உதைத்துக் கிளப்பிச் சாயாமல் ஓட்டுவது பழக்கம். எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், எதிரே வரும் லாரி எவ்வளவு வேகம், எதற்காகக் கிளம்பினோம் என்பவை பழக்கம் அல்ல. ஓட்டத் தெரிகிறதே என்று சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். அடுப்பு பற்றவைப்பதும் அப்படியே. இந்தப் பழக்கங்களும் என்றென்றைக்கும் நிற்பவை அல்ல. நோய் பரவப் பரவ ஒரு கட்டத்தில் தறியும் தடுமாறும். எப்போது என்று யாராலும் தேதி சொல்ல முடியாது.

மருத்துவர் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். இரண்டு ஆண்டு மறதியை "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, எப்போதோ விழுந்து தலைக்குள் மெல்லக் கசிந்து தேங்கிய ரத்தம், சில மாத்திரைகளின் விளைவு ஆகியவையும் இப்படியே தோற்றமளிக்கும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். நரம்பியல் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கடைசிக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. அவரிடம் நீங்கள் தறி கற்கலாமா? கற்கலாம், ஆனால் கேட்டுக் கற்க முடியாது. அவரிடம் இருப்பது சொல்லாக இல்லை. அவர் வலது தோளுக்குச் சற்றுப் பின்னால், அவர் பார்க்கும் திசையிலேயே பார்த்தபடி உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் இடம் வலம் மாறி, மூளைக்கு இரட்டை வேலை. முதல் சில நாள் நெய்ய வேண்டாம். சத்தத்தைக் கேளுங்கள். மிதி, நாடா, அச்சு, இந்த மூன்று சத்தங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிதான் நீங்கள் கற்கப்போவது. பிறகு அவர் எழுந்ததும் அதே குழியில் நீங்கள் இறங்குங்கள்.

எவ்வளவு நேரம்? ஒரே நாளில் நாலு மணி நேரம் செய்வதைவிட நாள்தோறும் அரை மணி நேரம் மேல். பயிற்சியைப் பரப்பிச் செய்வது நல்லது என்பதில் போதுமான உறுதி இருக்கிறது. நடுவில் வரும் தூக்கத்தைப் பற்றி அவ்வளவு உறுதி இல்லை. விரல்களால் ஒரு வரிசையைத் தட்டக் கற்றவர்கள் ஒரு இரவு தூங்கி எழுந்ததும் சுமார் 20 சதவீதம் வேகமாகத் தட்டினார்கள் என்று 2002இல் ஒரு ஆய்வு சொன்னது. பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. பிறகு மற்றவர்கள், அதில் ஒரு பங்கு முதல் நாள் கை களைத்துப்போயிருந்ததால் வந்த தோற்றம் என்று காட்டினார்கள். கற்றது கெட்டிப்படச் சில மணி நேரம் போதும், அதன்பின் வேறொன்றைக் கற்றாலும் முந்தையது கலையாது என்று 1996இல் வந்த முடிவும் அப்படியே; 24 மணி நேரம் கழித்தும் கலைகிறது என்று 2004இல் வேறு குழு எழுதியது. எனவே என் நோயாளிகளிடம் "நன்றாகத் தூங்குங்கள்" என்று சொல்வேன். "தூங்கினால் இத்தனை சதவீதம் கூடும்" என்று சொல்லமாட்டேன்.

ஒன்றில் நீங்களும் அப்பாவும் எதிரெதிராகப் போக வேண்டும். அவருக்கு மாறாத பயிற்சி. உங்களுக்குக் கலந்த பயிற்சி. ஒரே அசைவை நூறு முறை செய்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவர் பயிற்சியின்போது வேகமாக முன்னேறுவார். மூன்று அசைவுகளை மாற்றி மாற்றிச் செய்பவர் தடுமாறுவார். ஆனால் பத்து நாள் கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது தடுமாறியவருக்குத்தான். 1979இல் ஷே, மார்கன் இருவரும் காட்டிய இந்த முடிவு பின்னர் பலவிதமாகச் சோதிக்கப்பட்டது. முற்றிலும் புதியவருக்குத் தொடக்க நாட்களில் அவ்வளவு பொருந்துவதில்லை என்ற திருத்தமும் வந்தது. ஆகவே முதல் இரண்டு வாரம் ஒரேபோல் செய்யுங்கள், பிறகு ஊடையின் பருமனையும் வேகத்தையும் மாற்றிப் பாருங்கள். நெய்யும்போது காலைப் பார்க்காதீர்கள், கையையும் பார்க்காதீர்கள். துணியின் கரையைப் பாருங்கள். கரை நேராக வருகிறதா, உள்ளே இழுக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கவனம் உடலின்மேல் இல்லாமல் வேலையின்மேல் இருந்தால் கை விரைவில் கற்கிறது.

அவர் நெய்துகொண்டிருக்கும்போது நடுவில் நின்றுவிட்டால் "என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். கயிற்றின் கைப்பிடியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் காத்திருங்கள். பெரும்பாலும் கால் தானாக இறங்கும்.

உறவினரிடம் கேட்டு அடுத்த வாரமே ஒரு நாள் அவரை அழைத்துப் போக முடிந்தால், அவர் நெய்வதைக் கைப்பேசியில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தோளுக்குப் பின்னாலிருந்து கைகள் தெரியும்படி ஒன்று, கால்கள் தெரியும்படி ஒன்று. குழிக்குள் இருட்டாக இருக்கும். சின்ன விளக்கு ஒன்றைக் கீழே இறக்கி வையுங்கள், ஆனால் அவர் உட்காருவதற்கு முன்பே வைத்துவிடுங்கள்.